மாம்பழக்கூழ் அட்டை

கேமரா திம்மராயன் ஸ்டுடியோவுடையது.
விடிகாலை நாலரைக்குப் பாலக்கோட்டில் முகூர்த்தம்.
அதுவரை அது என்னிடம் இருப்பது
அவருக்குத் தெரியாது.

தொலைநோக்கி மட்டும் என் சொந்தப் பணம்.
ஓசூரில் யாரோ வீடு காலி செய்தபோது
மூவாயிரத்து இருநூறுக்கு வாங்கியது.
குமிழைத் தொட்டாலே குழாய் நடுங்கும்,
நடுங்கி அடங்குவதற்குள்
நட்சத்திரம் திரையைத் தாண்டிப் போயிருக்கும்.

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே
தண்ணீரில்லாத ஏரிக்குள் இறங்கி நின்றால்
நெடுஞ்சாலை லாரிகளின் வெளிச்சம்
கரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.
வடமேற்கில் ஓசூரின் மஞ்சள்,
அதை ஒன்றும் செய்ய முடியாது.
எனக்கு வேண்டியது தெற்கு.

முதலில் சித்திரை நட்சத்திரம்.
திரையில் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால்
ஊதிய அப்பளம் போல ஒரு வெள்ளை வட்டம்.
எங்கே கூர்மை எங்கே கூர்மை என்று
கண்ணை நம்பித் திருகிய ராத்திரிகள் பதினொன்று.
வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால்
பதினொன்றிலும் கேழ்வரகு மாவு.

அப்புறம்தான் அட்டை.
கூழ்த் தொழிற்சாலையிலிருந்து ரஹ்மத் கொண்டுவந்த பெட்டியின் மூடி,
'இந்தப் பக்கம் மேல்' என்று அம்புக்குறி போட்டது,
முகர்ந்தால் இன்னும் லேசாக பெங்களூரா மாம்பழம்.
குழாயின் வாயளவுக்கு வட்டமாக வெட்டி
அதில் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டோம்
அவள் கைக்குழந்தையின் வளையலை வைத்து வரைந்து.

மூடிப் பார்த்தால்
சித்திரை இரண்டாகிவிட்டது.

திருகத் திருக
ஒன்றை நோக்கி ஒன்று வரும்.
அவசரப்பட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து
மறுபக்கம் போய்விடும்.
எது எந்தப் பக்கம் என்று நாங்களே குழம்பி
ஒரு ஓட்டையை முக்கோணமாக்கினோம்.

குமிழைக் கவ்வியபடி
துணிக்கொடி கிளிப் ஒன்று.
அதன் வால் நுனியை விரலால் நகர்த்தினால்
குமிழ் திரும்புவது மயிரிழை.
யூனிஃபார்ம் காயப்போடும்போது தோன்றியதாம் ரஹ்மத்துக்கு.

"தள்ளு" என்பாள் திரையைப் பார்த்தபடி.
"இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
ஐயோ போச்சு, திருப்பு திருப்பு."
நான் மூச்சை நிறுத்தி
ஒரு அரிசி அகலம் தள்ளுவேன்.
ஏரிக்குள் எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்தும்.
"இரு."

இரண்டும் ஒன்று.
குண்டூசி முனை.
குழாயில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு.

அட்டையைக் கழற்ற மறந்து
முப்பது படம் இருட்டாக எடுத்ததையும்
சொல்லிவிட வேண்டும்.

சித்திரையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கினால்
அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே
ஒரு பஞ்சுத் துணுக்கு.
வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான்.
கோடி நட்சத்திரம் அதில் இருக்கிறது என்கிறார்கள்,
எண்ணியவர் யாரோ.
மோட்டார் இல்லாததால் ஒரு படத்துக்கு ஒரே நொடி,
அப்படி இருநூறு.
திரையில் பெரிதாக்கிப் பார்த்த ரஹ்மத்
சத்தம் போடாமல் என் முழங்கையைப் பிடித்தாள்.
மாவில்லை.
மணி, தனித்தனி மணி.

கிளம்பும்போது லென்ஸை மாட்டி,
ஃபோகஸைக் கைக்கு மாற்றி,
அவளையும் வானத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன்.
அதை மாற்றியபடியே விட்டுவிட்டேன்.

பாலக்கோடு மண்டபத்தில் கெட்டிமேளம்.
மணப்பெண்ணின் முகம் ஒரு நிலா,
பின்னால் சீரியல் விளக்குகள் முழுக்க அப்பளம்.
"கண்ணு எங்கம்மா இருக்குது உனக்கு?"
திம்மராயன் காதருகே பல்லைக் கடித்தார்.
என் விரல் லென்ஸின் ஓரத்தில்
இல்லாத கிளிப்பைத் தேடியது.

ஆறாவது படத்தில் தாலி தெளிந்தது,
மூன்றாவது முடிச்சுக்கு முன்பே.
முதல் ஐந்தையும் அழிக்கச் சொன்னார்.
நான்கை அழித்தேன்.